மாரடைப்பும் இரத்தப் புரதங்களும்: அறிக்கையை எப்படி வாசிப்பது?

(தொடக்க, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான மாவட்ட அளவிலான பணியிடைப் பயிற்சியில், மருத்துவக் கல்லூரி உயிர்வேதியியல் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் உயிர்வேதியியல் நடத்துபவன். என் துறைக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், அது உங்கள் கைப்பையில் இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய ஆசிரியர்களில் பலர் ‘முழு உடல் பரிசோதனை’ செய்துகொள்கிறார்கள். ஆறேழு பக்கத்துக்கு அறிக்கை வருகிறது. சில எண்கள் தடித்த எழுத்தில் இருக்கின்றன. எங்காவது என்னைப் பார்த்தால், “சார், சி.ஆர்.பி. 4 என்று போட்டிருக்கிறது, பயப்பட வேண்டுமா?” என்று கேட்பார்கள். இன்னொருவர், “எல்லாமே நார்மல் சார், எனக்கு மாரடைப்பு வராது அல்லவா?” என்பார். முதல் கேள்வியைவிட இரண்டாவது கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இரண்டு வேறு கேள்விகள்

இதயத்தைப் பற்றி இரத்தத்திடம் நாம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். ஒன்று, “இப்போது இதயத் தசை சேதமடைந்துகொண்டிருக்கிறதா?” மற்றொன்று, “வரும் ஆண்டுகளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு எனக்கு எவ்வளவு?” முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் புரதம் வேறு, இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் புரதங்கள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

முதல் கேள்விக்கான புரதம் ட்ரோபோனின். பதினோராம் வகுப்பில் தசைச் சுருக்கம் நடத்துபவர்களுக்கு இது பழைய நண்பர். ஆக்டின், மயோசின் இழைகளோடு சேர்த்து இதையும் கரும்பலகையில் எழுதியிருப்பீர்கள். ஜப்பானிய அறிவியலாளர் செட்சுரோ எபாஷி 1960களில் கண்டறிந்தது. தசைக்குள்ளே கால்சியத்தின் கட்டளையைக் கேட்டுச் சுருக்கத்தை இயக்குவது இதன் வேலை. அதன் இடம் தசைக்குள்ளேதான், இரத்தத்தில் அதற்கு வேலை இல்லை. சுவர் இடிந்தால்தானே செங்கல் தெருவுக்கு வரும்? இதயத் தசைச் செல்கள் சிதைந்தால் ட்ரோபோனின் இரத்தத்துக்கு வருகிறது.

இந்தச் செங்கல்லைத் தேடிக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்குப் பல ஆண்டுகள் ஆயின. 1954இல் அமெரிக்காவில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி மாரடைப்புக்குப் பின் இரத்தத்தில் உயர்வதைக் கண்டார்கள். ஆனால் அது கல்லீரலிலும் கை கால் தசையிலும்கூட இருக்கிறது. ஆகவே எந்த வீட்டுச் செங்கல் என்று சொல்ல முடியவில்லை. இன்று அதே நொதியைக் கல்லீரல் பரிசோதனைப் பட்டியலில் நீங்கள் பார்க்கலாம். இதயத்தில் உள்ள ட்ரோபோனின் ‘டி’, ட்ரோபோனின் ‘ஐ’ ஆகிய இரண்டின் அமைப்பு மட்டும் கை கால் தசையில் உள்ளவற்றிலிருந்து மாறுபட்டது. அதைப் பிரித்தறியும் சோதனைகள் 1980களின் பிற்பகுதியில் வந்தன. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஹூகோ காட்டுஸ் குழுவினர் 1989இல் ட்ரோபோனின் ‘டி’ சோதனையை வெளியிட்டார்கள். செங்கல்லில் சூளையின் முத்திரை இருப்பது போல, இது இதயத்திலிருந்து வந்தது என்று அப்போதுதான் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

‘நெகட்டிவ்’ என்பதன் பொருள்

இங்கே ஒரு முக்கியமான செய்தி. சுவர் இடிந்த அடுத்த நொடியே செங்கல் தெருமுனைக்கு வந்துவிடாது. ட்ரோபோனின் இரத்தத்தில் தெளிவாக உயர்வதற்குச் சில மணி நேரம் ஆகும். வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த இரத்தத்தில் அது இல்லாமல் போகலாம். அதனால்தான் மருத்துவமனையில் ஒருமுறை பார்த்துவிட்டு, சோதனை முறையைப் பொறுத்து, ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் மீண்டும் பார்க்கிறார்கள். எண் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. சிறுநீரகக் கோளாறு, கடும் தொற்று, இதயத் தசை அழற்சி போன்றவற்றிலும் ட்ரோபோனின் உயரும். ஆகவே ஏற்ற இறக்கம், ஈ.சி.ஜி., நோயாளி சொல்லும் அறிகுறி ஆகிய மூன்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

எனக்குத் தெரிந்த தலைமையாசிரியர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து அறைக்கு வந்தவருக்கு நெஞ்சில் பாரம் வைத்தது போல ஓர் அழுத்தம், வியர்வை. “வாயுத் தொல்லை, ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும்” என்றார்கள் உடனிருந்தவர்கள். அவர் படித்தவர். சோடாவோடு நிற்கவில்லை. நேராக ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்குச் சென்று, மாரடைப்புக்கான சோதனை வேண்டும் என்று கேட்டு இரத்தம் கொடுத்தார். ‘நெகட்டிவ்’ என்று தாள் வந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்தார். மாலையில் வலி மீண்டும் வந்து, மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இழந்த இதயத் தசை திரும்பவில்லை. இன்று இரண்டு மாடி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது.

சோதனை பொய் சொல்லவில்லை. “இந்த நிமிடம் வரை செங்கல் தெருவுக்கு வரவில்லை” என்று மட்டுமே அந்தத் தாள் சொன்னது. “வீட்டுக்குப் போகலாம்” என்று அதில் எழுதியிருக்கவில்லை.

ஆகவே நெஞ்சு அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் போக வேண்டிய இடம் பரிசோதனை நிலையம் அல்ல, ஈ.சி.ஜி. எடுக்கக்கூடிய மருத்துவமனை. மருத்துவமனையை அடைந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல், மேல்வயிற்று எரிச்சல், களைப்பு, குமட்டல் என்று வரலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஆசிரியர் அறையில் பெரும்பாலும் பெண்கள் இருக்கும் பள்ளிகள் நம்முடையவை.

சி.ஆர்.பி.: சாட்சியா, குற்றவாளியா?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். வருங்கால ஆபத்தைச் சொல்வதாக அறிக்கைகளில் அதிகம் இடம்பெறுவது சி-ரியாக்டிவ் புரதம், சுருக்கமாக சி.ஆர்.பி.

1930இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லட், தாமஸ் பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தபோது இதைக் கண்டார்கள். நிமோனியாக் கிருமியின் ‘சி’ என்று பெயரிடப்பட்ட சர்க்கரைப் பொருளோடு வினைபுரிந்ததால் இந்தப் பெயர். உடலில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும் கல்லீரல் இதை உற்பத்தி செய்து அனுப்பும். கடும் தொற்றில் பல நூறு மடங்குகூட உயரும்.

இதயத்தோடு இதற்கு என்ன உறவு? தமனிச் சுவரில் கொழுப்பு படிவது குழாயில் அழுக்கு அடைவது போன்றதுதான் என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் அந்தப் படிவுக்குள் வெள்ளணுக்கள் புகுந்து அழற்சி கனன்றுகொண்டிருக்கிறது. அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, பாதை அடைபடுவதுதான் பெரும்பாலான மாரடைப்புகளின் கதை. உள்ளே கனன்றால் வெளியே புகை தெரியும் அல்லவா? அந்தப் புகையை அளக்க முடியுமா என்று பார்த்தார் அமெரிக்க மருத்துவர் பால் ரிட்கர். 1997இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், உடல்நலத்தோடு இருந்த ஆண்களில் சி.ஆர்.பி. மிக அதிகமாக இருந்த கால் பங்கினருக்கு, மிகக் குறைவாக இருந்த கால் பங்கினரைவிடப் பின்னாளில் மாரடைப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு வந்திருந்தது.

அதன்பிறகு நுண்ணளவு சி.ஆர்.பி. சோதனை பரவியது. ஒரு லிட்டர் இரத்த நீரில் 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குறைந்த ஆபத்து, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என்று 2003இல் அமெரிக்காவில் வரையறுத்தார்கள். 10க்கு மேல் போனால் இதயத்தைப் பற்றிய முடிவுக்கே வரக்கூடாது. ஏதோ தொற்று அல்லது அழற்சி இருக்கிறது என்று பொருள். அது தீர்ந்தபின் மீண்டும் பார்க்க வேண்டும். சளி, காய்ச்சல், ஈறு வீக்கம், மூட்டு வாதம், உடற்பருமன், புகைப்பழக்கம் எல்லாமே இந்த எண்ணை ஏற்றும். ஆகவே “சி.ஆர்.பி. 4” என்று கேட்டவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, “போன வாரம் சளி பிடித்திருந்ததா?” என்பதுதான். இரண்டு வார இடைவெளியில் மறுமுறை பார்ப்பதே முறை.

இப்போது அறிவியல் ஆசிரியர்களுக்குப் பிடிக்கும் இடத்துக்கு வருகிறேன். சி.ஆர்.பி. உயர்ந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்றால், சி.ஆர்.பி.தான் மாரடைப்பை உண்டாக்குகிறதா? குடை விற்பனை கூடிய நாளில் மழை பெய்கிறது. அதற்காகக் குடை மழையை வரவழைக்கிறது என்று சொல்வோமா?

இதைச் சோதிக்க இயற்கையே ஒரு பரிசோதனை நடத்தி வைத்திருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே சி.ஆர்.பி.யைச் சற்று அதிகமாக உற்பத்தி செய்யும் மரபணு வடிவம் வாய்த்துவிடுகிறது. யாருக்கு எது கிடைக்கும் என்பது குலுக்கல் சீட்டுப் போலத்தான். சி.ஆர்.பி.தான் குற்றவாளி என்றால், வாழ்நாள் முழுவதும் அது உயர்ந்திருக்கும் இவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வந்திருக்க வேண்டும். பெரிய அளவில் ஆராய்ந்தபோது அப்படி வரவில்லை. ஆக, சி.ஆர்.பி. சம்பவ இடத்தில் நின்ற சாட்சி, குற்றவாளி வேறு.

குற்றத்தில் அழற்சிக்குப் பங்கு உண்டா? 2017இல் வெளியான ஓர் ஆய்வு அதற்கு விடை தந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி.யும் உயர்ந்திருந்த 10,061 பேரிடம் நடந்த ஆய்வு அது. கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் கனகினுமாப் என்ற மருந்தை ஒரு பகுதியினருக்குக் கொடுத்தார்கள். 150 மில்லிகிராம் அளவில் கொடுத்தபோது மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சேர்த்து 15 சதவீதம் குறைந்தன. கூடவே உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடியதால் அந்த மருந்து மாரடைப்புத் தடுப்புக்குப் பொது வழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் அழற்சி வெறும் பார்வையாளர் அல்ல என்று தெரிந்துவிட்டது.

பேருந்தும் பயணிகளும்

குற்றவாளிகள் என்று உறுதியான புரதங்கள் இரண்டைப் பார்ப்போம்.

கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. இரத்தத்தில் பயணம் செய்ய அதற்கு வண்டி வேண்டும். எல்.டி.எல். என்பது அப்படிப்பட்ட வண்டி. நம் அறிக்கையில் வரும் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் என்ற எண், பேருந்துகளில் உள்ள பயணிகளின் மொத்த எண்ணிக்கை. ஆனால் தமனிச் சுவருக்குள் புகுந்து சிக்கிக்கொள்வது பேருந்து. எத்தனை பேருந்து ஓடுகிறது என்று எப்படி எண்ணுவது? ஒரு பேருந்துக்கு ஓர் ஓட்டுநர்தானே! ஒவ்வொரு எல்.டி.எல். துகளிலும் அப்போலிப்போபுரதம்-பி என்ற புரதம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதை அளந்தால் பேருந்துகளின் எண்ணிக்கை வந்துவிடும்.

120 பயணிகள் இரண்டு பேருந்தில் நெருக்கியடித்துப் போகலாம், ஆறு மினி பஸ்ஸிலும் போகலாம். பயணிகள் எண்ணிக்கை ஒன்றுதான், சாலைக்கு நெரிசல் வேறு. சர்க்கரை நோய், தொப்பை, அதிக டிரைகிளிசரைடு உள்ளவர்களுக்கு மினி பஸ்கள் பெருகியிருக்கும். எல்.டி.எல். எண் நல்லதாகத் தெரிந்தாலும் ஆபத்து மறைந்திருக்கும். அவர்களுக்கு இந்தச் சோதனை கூடுதல் பயன் தரும்.

இரண்டாவது, லிப்போபுரதம்-ஏ. நார்வே நாட்டின் கோரே பெர்க் 1963இல் கண்டறிந்தது. எல்.டி.எல். துகளோடு இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்ட வடிவம். இதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது. உணவாலும் நடைப்பயிற்சியாலும் அது அதிகம் மாறுவதில்லை. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆபத்து கூடுதல் என்று கொள்கிறார்கள். உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது உயர்ந்திருக்கிறது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும், ஆண்டுதோறும் காசு செலவழிக்கத் தேவையில்லை. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன்பு, அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயதுக்கு முன்பு மாரடைப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். உயர்ந்திருந்தால், நம் கையில் இருக்கும் மற்ற ஆபத்துகளை இன்னும் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும் என்பதே அதன் செய்தி.

சதவீதத்தைச் சரியாகச் சொல்வோம்

கணித ஆசிரியர்களுக்கு ஒரு கணக்கு. 2008இல் வெளியான ஜூபிடர் என்ற ஆய்வில் 17,802 பேர் சேர்ந்தார்கள். எல்.டி.எல். அதிகமில்லை, ஆனால் நுண்ணளவு சி.ஆர்.பி. 2 அல்லது அதற்கு மேல். பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் மாத்திரை, மறு பாதிக்கு மருந்தில்லா மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட நிகழ்வுகள் 44 சதவீதம் குறைந்தன என்று செய்தி வந்தது.

கேட்டால், நூறு பேர் மாத்திரை சாப்பிட்டால் 44 பேர் தப்பிப்பார்கள் என்று தோன்றும். உண்மை எண் என்ன? மருந்தில்லாத பிரிவில் ஆண்டுக்கு நூற்றுக்கு 1.36 நிகழ்வு. மருந்துப் பிரிவில் 0.77. வித்தியாசம் 0.59, அதாவது ஆயிரம் பேர் ஓராண்டு சாப்பிட்டால் ஏறக்குறைய ஆறு பேருக்கு நிகழ்வு தவிர்க்கப்படுகிறது. இரண்டும் உண்மை. ஆனால் “எதில் 44 சதவீதம்?” என்று கேட்கத் தெரிந்தவர் விளம்பரத்தைப் பார்த்து மிரளவும் மாட்டார், நல்ல மருந்தை அலட்சியம் செய்யவும் மாட்டார். எட்டாம் வகுப்பு மாணவருக்கே இதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

முதலில் எதைப் பார்ப்பது?

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானது. புகைப்பழக்கம், உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொப்பை, மன அழுத்தம், காய்கனி உண்ணாமை, உடலுழைப்பின்மை, இரத்தக் கொழுப்புப் புரதங்களின் விகிதம் உள்ளிட்ட ஒன்பது காரணிகளே ஆண்களின் மாரடைப்பு ஆபத்தில் 90 சதவீதத்தையும் பெண்களில் 94 சதவீதத்தையும் விளக்கிவிடுகின்றன என்று அது காட்டியது. அதே ஆய்வில் தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. பிற நாடுகளில் 59. நம் கணக்கில் 53 என்பது பணி ஓய்வுக்கு முந்திய வயது. பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் முடியாத வயது.

இப்போது, “எல்லாமே நார்மல்” என்றவரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர் தினமும் சிகரெட் பிடிப்பவர். இரத்த அழுத்தம் பார்த்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சி.ஆர்.பி. ஒன்றுக்குக் கீழே இருப்பதால் இவை மன்னிக்கப்பட்டுவிடாது. முதலில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், இடுப்புச் சுற்றளவு, புகை, குடும்ப வரலாறு. இவற்றைப் பார்த்த பிறகும், மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று மருத்துவருக்குத் தயக்கம் இருந்தால், தராசின் எந்தப் பக்கம் சாய்வது என்று சொல்ல இந்தப் புரதங்கள் உதவும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கட்டணமின்றிப் பார்க்கலாம். விலை குறைந்த சோதனை என்பதால் அதன் மதிப்பு குறைந்ததல்ல.

வகுப்பறைக்கு

நிறைவாக, உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

இதயம், இரத்த ஓட்டம் பற்றிய பாடத்தை நடத்தும்போது ட்ரோபோனினின் செங்கல் கதையைச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்துப் புரதம் வீட்டு வாசல் வரை வந்துவிடும். உடன்நிகழ்வையும் காரணத்தையும் பிரித்துக் காட்ட சி.ஆர்.பி.யைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது. மாணவர்களையே சாட்சி, குற்றவாளி என்று பிரித்து வாதாட வையுங்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களே, உங்களுக்குப் புரதக் கதை தேவையில்லை. ஆனால் உங்கள் கையில்தான் பெரிய வேலை இருக்கிறது. அப்பா அம்மா வேலைக்குப் போன பிறகு, தாத்தா பாட்டியோடு வீட்டில் இருப்பது உங்கள் மாணவர்கள்தான். “தாத்தாவுக்கு நெஞ்சு வலித்து வேர்த்துக் கொட்டினால் என்ன செய்வாய்?” என்று கேட்டுப் பாருங்கள். 108ஐ அழைக்கவும், ஊர், தெரு, அருகில் உள்ள கோயில் அல்லது கடையின் பெயரைத் தடுமாறாமல் சொல்லவும், பக்கத்து வீட்டாரைக் கூப்பிடவும் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் பழக்கிவிடலாம். ஒரு பாடவேளை போதும். பொம்மைத் தொலைபேசி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் பள்ளியிலும் ஒரு தாள் ஒட்டுங்கள். அருகில் ஈ.சி.ஜி. எடுக்கும் அரசு மருத்துவமனை எது, எவ்வளவு தூரம், பள்ளி நேரத்தில் யார் உடன் செல்வது என்று அதில் இருக்கட்டும். அடுத்த வாரம் ஆசிரியர் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் எழுதிவிடலாம்.